இடையில் உள்ள ஊர்கள்

பதினாலு என்று எழுதிய பச்சை ஸ்டிக்கரை என் சேலையில் தோள்பக்கமாக ஒட்டிவிட்டு, "கூப்பிடும்போது எந்திரிங்க மேடம், அதுவரைக்கும் இங்கயே உக்காந்திருக்கணும்" என்று சொல்லி அந்தப் பெண் அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். உட்கார்ந்திருக்கிறேன். கப்பலுக்குள் இருக்கிற நாடக அரங்கு இது, சிவப்பு மெத்தை நாற்காலிகள், ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. வெளியே திருகோணமலை இருக்கிறதாம். ஒலிபெருக்கியில் சொன்னார்கள், நம்ப வேண்டியதுதான். முந்தாநாள் சாயங்காலம் சென்னை, நேற்று முழுக்கக் கடல், இன்றைக்கு எழுந்து பல் தேய்த்தால் இன்னொரு நாடு, நடுவில் ஒன்றுமே இல்லை, மேடையில் படுதாவை மாற்றுகிற மாதிரி ஊரை மாற்றிவிட்டார்கள். அறுபத்தோரு வயதில் எனக்கு நம்பர் போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். பரவாயில்லை. மேடைக்கு மேலே எத்தனை விளக்கு என்று எண்ணலாம், பதினொன்று, பன்னிரண்டு, எண்ணிக்கொண்டே இருந்தால் காலையில் சாப்பாட்டு மேஜையில் ஜெஸிந்தா சொன்னது காதுக்குள் வராமல் இருக்குமா என்று பார்க்கிறேன், வருகிறது. எனக்குப் பிடிக்கவே பிடிக்காதுங்க. பிடிக்காது என்று சொன்னால் போதாதா? அந்த 'வே' எதற்கு? அந்த ஒரு எழுத்தை எங்கே ஒளித்து வைத்திருந்தாள் இத்தனை வருஷம்? தூத்துக்குடி டெலிபோன் ஆபீஸில் அவள் நாற்காலியும் என் நாற்காலியும் கைநீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தன, காதில் மாட்டுகிற கருவியோடு பகலெல்லாம் யார் யாருக்கோ இணைப்புக் கொடுத்துக்கொண்டு, ஓய்ந்த நேரத்தில் ரயில்வே கால அட்டவணையை நடுவில் விரித்து வைத்துக்கொண்டு. நான்தான் விரிப்பேன். அவள் பார்ப்பாள். பார்த்தாளா?

மேஜையில் நாலு பேர் இருந்தோம். நான், ஜெஸிந்தா, எதிரே பம்ப்செட் ஏஜென்சி வைத்திருக்கிற கோயம்புத்தூர்க்காரர், அவர் மனைவி. இந்தக் கப்பலில் சாப்பாட்டுக்கு யாரோடு உட்கார வேண்டும் என்பதைக்கூட வேறு யாரோதான் முடிவு செய்கிறார்கள். அவர் மரியாதையாகத்தான் கேட்டார். "ரெண்டு பேரும் நெறைய ஊர் சுத்துவீங்களாட்ட இருக்குதுங்களே?" நான் இட்லியைக் கீழே வைத்துவிட்டேன். சிர்சி கதையைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், மழையில் பஸ் வராமல் ஏழு மணி நேரம் பஸ் ஸ்டாண்டில் கிடந்த கதை, அதை எங்கே சொன்னாலும் எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கு முன்னால் ஜெஸிந்தா சிரித்துவிட்டாள். "அத ஏன் கேக்கீங்க. பதினெட்டு வருசம் இவகூட பஸ்ஸுலயும் பாசஞ்சர் ரயில்லயும் அலைஞ்சிருக்கேன். எனக்குப் பிடிக்கவே பிடிக்காதுங்க. இவ ஆசப்படுதாளேன்னு போனேன். ஒண்டிக்கட்டை, நானும் வரலன்னா யாரக் கூப்பிடுவா?" அந்த அம்மா கையிலிருந்த ஸ்பூனை வைத்துவிட்டு, "பெரிய மனசுங்க உங்களுக்கு" என்றாள். "இனிமே பஸ் ஏறமாட்டேன்னு மகன்கிட்ட கண்டிசனா சொல்லிட்டேன். அதுக்குத்தான் அவன் இந்தக் கப்பல்ல போட்டுவிட்டான்." சொல்லிவிட்டு என் கைமேல் கை வைத்தாள். "இவளுக்கும் ஒரு மாறுதலா இருக்கட்டுமேன்னு கூட்டியாந்தேன், என்னட்டி வடிவு?" பிரியமாகத்தான் சொன்னாள். அதைத்தான் தாங்க முடியவில்லை. கோபத்தில் சொல்லியிருந்தால் அது கோபத்தில் வந்த பொய் என்று வைத்துக்கொள்ளலாம். நான் என்ன செய்தேன்? சிரித்தேன். ஆமா ஆமா என்றேன். அவர்கள் மூன்று பேரோடும் சேர்ந்துகொண்டு என்னைப் பார்த்தே சிரித்தேன். பிறகு மீதி இட்லியைத் தின்றேன். அதற்குத் தொட்டுக்கொள்ள என்ன இருந்தது என்று இப்போது ஞாபகமில்லை. "நான் எறங்கலட்டி, கப்பல்லயே இருக்கேன், நீ போய்ப் பாத்துட்டு வா" என்று அவள் மேல்தளத்துக்குப் போய்விட்டாள். முட்டிவலி என்று நேற்று வரைக்கும் சொன்னவள் அந்தப் படிகளில் என்ன வேகமாக ஏறினாள்.

எட்டாம் நம்பரைக் கூப்பிடுகிறார்கள். எட்டாம் நம்பர்க்காரர்கள் வரிசையாக எழுந்து போகிறார்கள், தொப்பி, தண்ணீர் பாட்டில், கழுத்தில் தொங்குகிற அட்டை. சிர்சியில் அவள் சிரித்தாளா இல்லையா? சிரித்தாள். எனக்கு நன்றாகத் தெரியும், சிமெண்ட் பெஞ்சில் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு, கீழே தண்ணீர் ஓட, இரண்டு பேரும் ஒரே துண்டால் தலை துவட்டிக்கொண்டு, எனக்குக் கன்னடம் தெரியாமல் டீக்கடைக்காரரிடம் பஸ் எப்போது என்று கேட்க அவர் பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து நீட்ட, அப்போது சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர். சிரிப்பிலும் வரும். இத்தனை வருஷமாக அந்தத் தண்ணீரை நான் சிரிப்பின் கணக்கில்தான் வைத்திருந்தேன், இன்றைக்குத்தான் சந்தேகம். அரக்கு பள்ளத்தாக்குக்குப் போகிற ரயிலில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள், குகை குகையாக வண்டி நுழைந்து வெளிவர, பக்கத்தில் ஒருத்தர் இவ்வளவு நிம்மதியாகத் தூங்குகிறாரே என்று நான் கையைக்கூட அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன், கை மரத்துப்போயிற்று. பிடிக்காமல்தான் தூங்கினாளா? எப்போது முடியும் என்று தூங்கினாளா? ஆகும்பே மலைப்பாதை. அதை யோசிக்க வேண்டாம். யோசிக்கிறேன். வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தாள். நான் எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பக்க ஜன்னல் வழியாக அருவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், "ஏட்டி பாரு, பாரு, போயிரும்" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன், அவள் ஈர வாயோடு நிமிர்ந்து பார்த்து "நல்லா இருக்குட்டி" என்றாள். அந்த நல்லா இருக்குட்டியைத்தான் நான் இத்தனை காலம் பத்திரமாக வைத்திருந்தேன். உடம்புக்கு முடியாதபோதுகூட ரசிக்கிறவள் என்று தம்பி மனைவியிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். வாந்தி எடுக்கிறவளை உலுக்கி அருவி காட்டியவளுக்கு வேறு என்ன பதில் சொல்லுவாள்? சரி, அது என் தப்பு. ஆகும்பே என் தப்பு என்றே வைத்துக்கொள்வோம். மற்ற பதினேழு? ஒரு வருஷமாவது, ஒரே ஒரு மே மாசமாவது, வரலைட்டி என்று சொல்லியிருந்தால் நான் என்ன கடித்தா தின்றிருப்பேன்?

தின்றிருக்க மாட்டேன். முகம் வாடியிருக்கும். அவளுக்கு அது தெரியும். அப்படியானால் அவள் என் முகத்துக்குப் பயந்தாள், இரக்கப்பட்டாள், ஒண்டிக்கட்டை என்று சொன்னாளே, அந்த வார்த்தையை நான் என்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வேன், அவள் வாயிலிருந்து வெளியாட்கள் முன்னால் வந்தபோதுதான் அதற்கு எவ்வளவு முள் இருக்கிறது என்று தெரிந்தது. இது போகட்டும். பஸ் போகட்டும், ரயில் போகட்டும். மதுரை? தை மாசம் தம்பி கூப்பிட்டானே, மாடியில் எனக்கென்று ஒரு அறை கட்டி, கிழக்குப் பார்த்த ஜன்னல் வைத்து, "அக்கா, தனியா எதுக்கு வாடகை வீட்ல கெடக்கீங்க, வந்துருங்க" என்றானே, அன்றைக்குச் சாயங்காலம் நேராக ஜெஸிந்தா வீட்டுக்குத்தான் போனேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "நீ என்ன சொல்லுத?" என்றேன். "ஒன் இஷ்டம்ட்டி" என்றாள், திரும்பாமல். போகாதே என்றுதான் நான் அதைப் புரிந்துகொண்டேன். அவள் ரிட்டயர் ஆகப் போகிறாள், மே மாசம் ஷில்லாங், அங்கிருந்து பஸ் பஸ்ஸாக மாறி மூன்று மாசம், யாருக்கும் லீவு எழுதிக்கொடுக்க வேண்டாம், எங்கே இருட்டுகிறதோ அங்கே தங்கலாம், அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், தம்பியிடம் முடியாது என்று சொல்லப் போகிறேன் என்றும் சொன்னேன். தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவினாள். இந்தக் கப்பல் டிக்கெட்டை அவள் மகன் டெனிஸ் எப்போது போட்டான்? பொங்கல் சமயத்திலேயே போட்டுவிட்டேன் ஆன்ட்டி, அப்போதுதான் நல்ல அறை கிடைக்கும் என்று சிங்கப்பூரிலிருந்து போனில் அவனே சொன்னான். பொங்கல். நான் அவள் அடுக்களையில் நின்றது தை கடைசி. அப்படியென்றால் மீன் கழுவும்போதே அவளுக்குத் தெரியும். இனிமேல் பஸ் ஏறப்போவதில்லை என்று மகனிடம் சொல்லிவிட்டு, நான் அறையை விடப்போகிறேன் என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டே மீனைக் கழுவியிருக்கிறாள். மாடி அறையில் இப்போது தம்பியின் மாமியார் இருக்கிறார். டெனிஸுக்குத் தெரியும், மருமகளுக்குத் தெரியும், ஒருவேளை டெலிபோன் ஆபீஸ் முழுக்கத் தெரியும், இப்போது கோயம்புத்தூர்க்காரருக்கும் தெரியும். பதிமூன்று. பதினாலு. பதினாலாம் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வெளியே வந்ததும் வெயில் முகத்தில் அறைந்தது, நல்லது, அறையட்டும். நாலு சொகுசு பஸ், ஒவ்வொன்றின் முன்னாலும் கொடி பிடித்த ஒரு ஆள். பதினாலாம் நம்பருக்குக் கொடி பிடித்தவளுக்கு இருபத்தைந்து வயது இருக்கும், ஷாமினி என்று சட்டையில் எழுதியிருந்தது. "கோணேசர் கோயில், பிறகு கன்னியா வெந்நீர்க் கிணறு, இடையில சாப்பாடு, மூண்டு மணிக்குக் கப்பல்" என்று ஒப்பித்தாள். கோணேசர் மலையில் முக்கால் மணி நேரம். பாறைமேல் நின்று கீழே கடலைப் பார்த்தேன். தூரத்தில் எங்கள் கப்பல், வெள்ளையாக, அடுக்கு அடுக்காக, ஊரைவிடப் பெரியதாக நின்றது. அதன் உச்சித் தளத்தில் எங்கேயோ அவள் இருக்கிறாள். எல்லாரும் படம் எடுத்துக்கொண்டு கொடிக்குப் பின்னால் பஸ்ஸுக்கு நடக்க, என் கால் நடக்கவில்லை. அழுகை வரும் என்று பயந்தேன், கோயம்புத்தூர் அம்மா இரண்டு ஆள் தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தாள், பெரிய மனசுங்க என்று சொன்ன அதே வாயால் என்னைத் தேற்றிவிடுவாளோ என்று பயந்தேன். ஷாமினியிடம் போய், "நான் இங்கேயே இருந்துட்டு நானா துறைமுகத்துக்கு வந்துடுறேன்மா" என்றேன். அவள் என் அட்டையைப் பார்த்துப் பெயரை எழுதிக்கொண்டாள். "சண்முகவடிவு அம்மா, மூண்டு மணி. கப்பல் நிக்காது. துலைஞ்சு போயிடுவீங்களோ?" "இல்லைம்மா," என்றேன். "பஸ் ஸ்டாண்ட் எந்தப் பக்கம்?" கேட்ட பிறகுதான் அதைத்தான் கேட்க நினைத்திருந்தேன் என்று எனக்கே தெரிந்தது. ஸ்டிக்கரை உரித்தேன், சேலையில் கொஞ்சம் பசை நின்றுவிட்டது.

நிலாவெளி என்று தமிழில் எழுதிய பஸ் நின்றது. நிலாவெளி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, அந்தப் பெயர் போதும் என்று ஏறிவிட்டேன், இப்படித்தான் எப்போதும் ஏறுவேன், ஏறிவிட்டு ஜெஸிந்தாவைத் திரும்பிப் பார்த்து வா வா என்பேன், இப்போதும் படியில் நின்று திரும்பிப் பார்த்தேன், ஒரு கிழவர் எனக்குப் பின்னால் ஏறுவதற்குக் காத்திருந்தார். மன்னிச்சுக்கோங்க என்று உள்ளே போனேன். பக்கத்து இருக்கையில் ஒரு பெண், மடியில் புது மின்விசிறி, அட்டைப்பெட்டி இல்லாமல் அப்படியே, மூன்று இறக்கைகளையும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். பஸ் கிளம்பியது. காற்று, டீசல், யாரோ தலைக்கு வைத்திருந்த எண்ணெய், தார்ச்சாலைக் குழிகள், பனைமரம், மூடின கடை, திறந்த கடை, ஒரு பள்ளிக்கூடம், மறுபடி கடல், மறுபடி வீடு. இதுதான். இதைத்தான் நான் பதினெட்டு வருஷமாகக் காட்டப் பார்த்தேன். ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவில் ஒன்றுமில்லாமல் இல்லை, நடுவில்தான் எல்லாம் இருக்கிறது, டீயின் நிறம் மாறும், எங்கே என்று கேட்கிற வார்த்தை மாறும், பெண்கள் சேலை செருகுகிற இடுப்பு மாறும், எதையும் தாவக் கூடாது, ஒவ்வொன்றையும் தொட்டுக்கொண்டு போகவேண்டும் என்று நான் சொல்லச் சொல்ல அவள் ம் ம் என்பாள். அந்த ம் இப்போது என்னோடு இந்த பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறது. பனைமரத்தைப் பார்த்தாலும் ம். கடலைப் பார்த்தாலும் ம். பார்க்கிறதை உடனே யாரிடமாவது சொல்லியே பழகிய கண், சொல்ல ஆளில்லாமல் என்ன செய்யும்? ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு அப்படியே கீழே வைத்தேன். இருபது நிமிஷத்தில் களைத்துப்போயிற்று.

"இந்தியாவில இருந்தோ?" என்றாள் விசிறிக்காரி. "ஆமாம்மா. கப்பல்ல வந்தோம்." "தனியவோ?" "சிநேகிதி இருக்கா. கப்பல்லயே இருந்துட்டா." "ஏன், உடம்புக்கு ஏலாதோ?" நான் முட்டிவலி என்று சொல்லியிருக்கலாம். சொல்லப்போனேன். "இல்லை. அவளுக்கு இப்படிப் போறது பிடிக்காது" என்றேன். வாய்க்கு வெளியே வந்து விழுந்த பிறகு அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை, பஸ் ஓடிக்கொண்டிருந்தது, நடத்துனர் முன்னால் யாருக்கோ மீதிச் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தார். விசிறிக்காரி விசிறியை மடியில் சரிசெய்துகொண்டாள். "என்ட மனுசனுக்கும் பிடிக்காது" என்றாள். "கலியாணத்துக்குப் போனா ரெண்டாம் நிமிசம் வீட்ட போவம் எண்டுவார். எனக்கு முதல் வருசமே தெரிஞ்சிட்டுது." அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். முதல் வருஷமே. எனக்குப் பதினெட்டு. நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். அவள் இறங்கும்போது விசிறியை வாங்கிப் பிடித்து, கீழே நின்றவளிடம் நீட்டினேன், இறக்கை என் வளையலில் இடித்து மணி மாதிரி ஒரு சத்தம் வந்தது. நிலாவெளியில் இறங்கி ஒரு கடையில் பால் இல்லாத டீ குடித்தேன். இஞ்சி போட்டிருந்தார்கள். குடித்துக்கொண்டிருக்கும்போது, காரணமே இல்லாமல், கொஞ்ச நேரம், ஒரு தம்ளர் டீ தீர்கிற அளவுக்கு, நன்றாக இருந்தது. பிறகு மறுபடி மீன் கழுவுகிற அந்த முதுகு வந்துவிட்டது.

இரண்டரைக்குக் கப்பலில் ஏறினேன். வாசலில் நின்ற சிப்பந்திப் பையன்கள் என் கையில் கிருமி மருந்து தெளித்து வரவேற்புப் பாட்டுப் பாடினார்கள். ஜெஸிந்தா உச்சித் தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், காலையிலிருந்து அங்கேதான் நின்றிருக்க வேண்டும், முகமெல்லாம் உப்புப் பூத்து, முடி கலைந்து, நான் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை. ஆகும்பேயில் இல்லை, அரக்கில் இல்லை. சின்னப்பிள்ளை மாதிரி இருந்தாள். "ஏட்டி, அந்தா தெரியுது பாரு, அந்த மலை மூக்கு," என்றாள். "எங்கப்பா தோணி ஒருதடவ காத்துல சிக்கி அதுக்கு அந்தப் பக்கம்தான் ஒதுங்குச்சாம். ஒம்பது நாள். எங்கம்மா கருப்புச் சேலைகூட எடுத்து வச்சிட்டா. இந்த எடத்தப் பாக்கணும் பாக்கணும்னு எத்தன வருசமா நெனச்சிட்டு இருந்தேன் தெரியுமா." அவளுடைய அப்பா தோணியில் கொழும்புக்குப் போனவர் என்று எனக்குத் தெரியும். அதற்குமேல் எதுவும் தெரியாது. "எங்கிட்ட ஒருதடவகூட சொன்னதில்லையே" என்றேன். "நீ கேக்கலயேட்டி." கேட்கவில்லை. சரி. ஆனால் நான் கேட்காதது இவ்வளவு பெரிதா, மதுரை அறை கைவிட்டுப் போகிற அளவுக்கு? அதைக் கேட்டுவிடலாம், தை கடைசியில் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்று இப்போதே கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள். "நீ எங்க போன? கோயமுத்தூர்க்காரம்மா ஒன்னக் காணலன்னு பதறிட்டாங்க." "நிலாவெளிக்கு. பஸ்ல." "நல்லா இருந்துச்சா? சொல்லு."

சொல்ல ஆரம்பித்தேன். பழக்கம். ஏறினதும் ஒரு பொம்பளை மடியில் விசிறியை வைத்துக்கொண்டு, என்று ஆரம்பித்தேன். அவள் தலையைக் கொஞ்சம் சாய்த்து, உதட்டோரம் சின்னதாக ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கடலைப் பார்த்த முகம் போய்விட்டது. இந்த முகம் எனக்குத் தெரியும். டெலிபோன் ஆபீஸில் கால அட்டவணைக்கு எதிரே இருந்தது இந்த முகம்தான், சிர்சி பெஞ்சில் இதுதான், எல்லா பஸ்ஸிலும் எல்லா ரயிலிலும் என் பக்கத்தில் இதுதான். இதை நான் சந்தோஷம் என்று நினைத்திருந்தேன். விசிறியின் நடுவிலேயே நிறுத்திவிட்டேன்.

"என்னட்டி, சொல்லு."

"ஒண்ணுமில்ல. கூட்டம், வெயில். ஒனக்குப் பிடிச்சிருக்காது."

அவள் என்னையே பார்த்தாள். இல்லைட்டி, நீ சொன்னா கேட்க நல்லாத்தான் இருக்கும் என்று சொல்லுவாள் என்று காத்திருந்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன், ஆனாலும் காத்திருந்தேன். கீழே கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆமா," என்றாள் ஜெஸிந்தா. "பிடிச்சிருக்காது."

"மே மாசம் நான் போறேன். ஷில்லாங்குக்கு."

"தனியாவா?"

"தனியாத்தான்."

அவள் கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்து என் கையைப் பிடித்தாள். நான் இழுத்துக்கொள்ளவில்லை. திருப்பிப் பிடிக்கவுமில்லை.